கேட்டுக்கொண்டு போன தடம்



இந்தப் பேச்சை ஏற்பாடு செய்திருக்கும் அறக்கட்டளை யாருடைய நினைவில் நிறுவப்பட்டதோ, அவரிடம் நான் ஜூனியராக 11 ஆண்டுகள் இருந்தேன். இந்த ஊரில் எல்லாருக்கும் அவர் பெரியவர். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். பாகம் பிரித்து எழுத அண்ணன் தம்பிகள் அவரிடம் வருவார்கள். கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் தண்ணீர், வீட்டில் யாருக்குத் தெற்குப் பாதி, அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று அவர்கள் ஒரு பட்டியலோடு வந்திருப்பார்கள். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். “அதெல்லாம் இருக்கட்டுங்க. தடம் எங்க விடறீங்க?” என்பார். பெரும்பாலும் பதில் வராது. “அதென்னங்க, அண்ணன் காட்டு வழியா தம்பி போறதுக்கு ஒரு எழுத்தா?” என்று சிரிப்பார்கள். பெரியவர் சிரிக்கமாட்டார்.

இன்றைக்கு என்னைச் சட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்தச் சட்டம் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே அவருடைய அந்தக் கேள்வியையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். அடுத்தவர் நிலத்தின் வழியாக நம் நிலத்துக்குப் போகும் தடம், அதற்காக நடக்கும் வழக்குகள், அந்த வழக்குகளில் தோற்கக் கூடாதவர்கள் தோற்பது. இவைதாம் நான் பேச வந்தவை.

கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இட்டேரியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருபுறமும் கள்ளியும் கிலுவையும் நெருங்கிய வேலி, நடுவே ஒரு வண்டி மட்டும் போகும் அகலத்தில் பள்ளமான மண்தடம். எதிரே இன்னொரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் மாட்டைப் பின்னால் தள்ளவேண்டும். யார் தள்ளுவது என்பதற்கும் ஊரில் ஒரு முறை இருந்தது: பாரம் ஏற்றிய வண்டிக்குக் காலி வண்டி ஒதுங்கும். யாழ்ப்பாணத்தார் இதையே ஒழுங்கை என்கிறார்கள். அவர்களுடைய காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கோடு வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதப்படுகிறது. நிலத்தை எழுதும்போதே அதற்குப் போகும் வழியையும் எழுதிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கமாகவே ஆகியிருக்கிறது.

பார்வைக்கு எல்லா இட்டேரியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பதிவேட்டில் இரண்டு வகை உண்டு. சில தடங்கள் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று தனி சர்வே எண்ணோடு அரசு நிலமாக நிற்கும். அதை யாராவது அடைத்தால் தாசில்தாரிடம் மனு கொடுத்து ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லலாம். மற்றவை ஒருவருடைய பட்டா நிலத்துக்குள் ஓடும். புலப்படத்தில் அவை புள்ளிக்கோடாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். பட்டா, சிட்டா, வரி எல்லாம் ஒருவர் பெயரில் இருக்கும், நடப்பவர் இன்னொருவராக இருப்பார். வழக்கெல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான் வருகிறது. பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் “மாமூல் வண்டித்தட பாத்தியம் உள்பட” என்று ஒரு வரி இருக்கும். அகலம் கிடையாது, திசை கிடையாது. 1961-இல் அந்த வரியை எழுதிய பத்திர எழுத்தருக்கும் எழுதிக்கொண்டவர்களுக்கும் மாமூல் என்றால் எது என்று தெரியும். வேப்பமரத்துக்கு மேற்கே, கிணற்றுமேட்டைச் சுற்றி, களத்தை ஒட்டி. அந்த வேப்பமரம் வெட்டப்பட்டது. கிணறு தூர்ந்தது. அவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியது மாமூல் என்ற ஒரு சொல் மட்டும். அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பேரப்பிள்ளைகள் முன்சீப் கோர்ட்டுக்கு வருகிறார்கள்.

நமக்கு இதில் வழிகாட்டும் சட்டம் 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்குப் பொருந்தும்படி இயற்றப்பட்டது. அதை வரைந்த விட்லி ஸ்டோக்ஸ் பழைய ஐரிஷ் மொழிச் சுவடிகளில் தோய்ந்த அறிஞர். மொழியறிஞர் ஒருவர் எழுதியது அதன் நடையிலேயே தெரியும். பல விதிகளுக்குக் கீழே சிறிய கதைபோல எடுத்துக்காட்டுகள் வைத்திருக்கிறார். மாணவர்கள் அந்த எடுத்துக்காட்டுகளை மட்டும் ஒருமுறை தொடர்ந்து படித்துப் பாருங்கள். வயலும் வேலியும் ஓடையும் கண்முன் வந்து நிற்கும். சட்டம் என்பது நிலத்தின்மேல் நடப்பது என்பது அப்போது புரியும்.

அடுத்தவர் நிலத்தில் நடக்கும் உரிமை அந்தச் சட்டப்படி முதன்மையாக மூன்று வகையில் நமக்கு வரும். ஒன்று, எழுதிக் கொடுத்தது. இரண்டாவது, தேவையால் எழுவது. ஒரே நிலமாக இருந்ததை விற்றோ பாகம் பிரித்தோ துண்டாக்கும்போது ஒரு துண்டுக்கு வழியே இல்லாமல் போனால், மற்றத் துண்டின் வழியாகப் போகும் உரிமையைச் சட்டமே கொடுக்கிறது. இதில் எளிதில் மறந்துவிடும் ஒரு நிபந்தனை உண்டு: அந்த இரண்டு துண்டும் முன்பு ஒரே நிலமாக இருந்திருக்க வேண்டும். மூன்றாவது, நெடுநாள் பழக்கம். 20 ஆண்டுகள் தொடர்ந்து, வெளிப்படையாக, சண்டையில்லாமல், உரிமையாக நடந்திருக்க வேண்டும். அரசு நிலம் என்றால் 30 ஆண்டுகள். வலிந்தும் கூடாது, ஒளிந்தும் கூடாது, கேட்டுப் பெற்றும் கூடாது என்பது ரோமானியர் காலத்திலிருந்து வரும் விதி.

கேட்டுப் பெற்றும் கூடாது. இந்த இடத்தில்தான் நான் 1981-ஆம் ஆண்டுக்குப் போகவேண்டியிருக்கிறது.

அந்த வழக்கில் நான் பிரதிவாதி பக்கம். வாதிக்கு அப்போது 60 வயதிருக்கும். உள்ளே தள்ளி 3 ஏக்கர் தோட்டம், மஞ்சளும் வாழையும். வெளியே வர என் கட்சிக்காரருடைய காட்டின் ஓரமாக ஏறக்குறைய 400 அடி நீளத் தடம். இரண்டு குடும்பமும் பங்காளிகளும் அல்ல, இரண்டு நிலமும் எந்தக் காலத்திலும் ஒன்றாக இருந்ததும் அல்ல. வாதியின் குடும்பம் 40 ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தடத்தில் போய்வந்திருந்தது. என் கட்சிக்காரரின் தகப்பனார் இறந்தார். மகன் கம்பிவேலி போட்டார். வழக்கு வந்தது.

சாட்சிக் கூண்டில் வாதி ஏறினார். முதல் விசாரணையில் தடத்தைப் பற்றி நிதானமாகச் சொன்னார். எந்த மரத்தடியில் வண்டி திரும்பும், மழைக்காலத்தில் எந்த இடத்தில் சக்கரம் அழுந்தும் என்பதெல்லாம். குறுக்கு விசாரணைக்கு நான் எழுந்தேன். எனக்கு ஒரு கேள்வி போதும் என்று தெரியும். “தடத்தில் போகும்போது காட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டுதானே போவீர்கள்?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஏதோ அவமரியாதையாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பார். “கேக்காம எப்படிங்க போறது? அடுத்தவங்க காடுங்களே. வருசா வருசம் வெள்ளாமை எடுக்கும்போது அவங்க அய்யன்கிட்டச் சொல்லிட்டுத்தாங்க வண்டி கட்டுவோம். அவரும் ஒரு நாளும் வேண்டாம்னு சொன்னதில்லைங்க” என்றார். பெருமையாகச் சொன்னார். தன் குடும்பம் எப்படிப்பட்டது என்று நீதிமன்றத்துக்குச் சொல்வதாக நினைத்துச் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தில் வழக்கு முடிந்தது. கேட்டுக்கொண்டு போனால் அது அனுமதி. அனுமதி எத்தனை ஆண்டு நீடித்தாலும் உரிமையாக மாறாது, கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். நிலங்கள் ஒன்றாக இருந்ததில்லை, ஆகவே தேவையுரிமையும் கிடையாது. சட்டப்படி தீர்ப்பு சரி. நான் வென்றேன்.

இரவு பெரியவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த ஆளோட மஞ்சள் இனி எந்தப் பக்கமா வெளிய வரும்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்துத் தெரிந்தது. வழியில்லாத நிலத்தை வேறு யாரும் வாங்கமாட்டார்கள். வேலி போட்டவருக்கே, அவர் கேட்ட விலைக்கே, அந்த 3 ஏக்கரும் போயிற்று.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வழக்கை ஓர் அவையில் சொல்லக் காரணம் இருக்கிறது. யாரிடமும் கேட்காமல், சொல்லாமல், இது என் தடம் என்று 20 ஆண்டு போனவனுக்குச் சட்டம் உரிமை தருகிறது. வேலிக்கு அப்பால் நின்று, “அண்ணா, நாளைக்கு வண்டி போகுமுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனவனுக்குத் தருவதில்லை. நம் ஊர்ப்புறத்தில் மரியாதை என்று எதைச் சொல்லிக்கொடுத்து வளர்த்தோமோ, அதுவே நீதிமன்றத்தில் எதிர்ச்சாட்சியாகிவிடுகிறது. சட்டத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. நல்ல மனத்தோடு போகவிட்டவர் தன் நிலத்தில் ஒரு பகுதியையே இழந்துவிடக் கூடாது அல்லவா? அப்படி இழப்போம் என்று தெரிந்தால் யாரும் யாரையும் போகவிடமாட்டார்கள். நியாயம் இருபுறமும் இருப்பதால்தான் இந்த வழக்குகள் இவ்வளவு கடுமையாக நடக்கின்றன.

போகவிடுகிறவருக்கும் பயம் உண்டு. மழைக்காலத்தில் சேறாகும் தடத்துக்கு நடக்கிறவர் இரண்டு லோடு கிராவல் கொட்டுகிறேன் என்பார். நிலத்துக்காரர் வேண்டாம் என்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் வீம்பாகத் தெரியும். ஆனால் அதே 1882 சட்டத்தின் 60-ஆவது பிரிவு, அனுமதியை நம்பிச் செலவு செய்து நிலையான வேலை ஒன்றைச் செய்துவிட்டால் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்கிறது. பிரிவு எண் தெரியாவிட்டாலும் விவசாயிக்கு அதன் சாரம் தெரியும். கிராவலை வேண்டாம் என்பவர் தன் காட்டைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறார். உரிமை உறுதியானவரைப் பொறுத்தவரை சட்டம் தெளிவு: தடத்தைச் செப்பனிடும் செலவு நடப்பவருடையது, நிலத்துக்காரருடையது அல்ல. நடப்பவர் நிலத்துக்காரருக்கு மிகக் குறைந்த தொந்தரவு வரும் முறையில் நடக்கவேண்டும். பரந்து நடக்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நடக்கச் சொன்னால் ஒதுங்கவும் வேண்டும். நான் பார்த்த வழக்குகளில் பாதி, இந்த 22-ஆவது பிரிவை இருவரும் ஒருமுறை வாசித்திருந்தால் கோர்ட்டுக்கே வந்திருக்காது.

வண்டி போய் டிராக்டர் வந்தபோது இன்னொரு சண்டை பிறந்தது. ஒருவகைப் பாதையுரிமையில் மற்றொரு வகை அடங்காது என்பது 28-ஆவது பிரிவு. ஆள் நடக்க உரிமை இருந்தால் வண்டி ஓட்ட முடியாது. வண்டி ஓட்டலாம் என்றால் டிராக்டர்? மாட்டு வண்டிக்கு எட்டடி போதும். டிரெய்லரோடு திரும்பும் டிராக்டருக்குப் போதாது, கதிரறுக்கும் இயந்திரத்துக்குப் பன்னிரண்டடியும் பற்றாது. போர்வெல் லாரி வந்தால் வேலியோரத் தென்னை ஓலையெல்லாம் ஒடியும். என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். உழவுக்கென்று விட்ட தடத்தில் உழவுக்கான எந்த வாகனமும் போகலாம் என்றுதான் கொள்ளவேண்டும். மாடு டிராக்டராக மாறியதில் நிலத்தின் தேவை மாறவில்லை. அதே நிலம் செங்கல் சூளையானாலோ நாற்பது மனைகளாகப் பிரிந்தாலோ அது வேறு. 3 ஏக்கர் மஞ்சளுக்கு விட்ட தடத்தில் நாள் முழுக்க லாரி ஓட்டுவது அந்தத் தடத்தை விட்டவருக்குச் செய்யும் துரோகம்.

தடத்தை அடைத்துவிட்டால் என்ன செய்வது? முதலில், என்ன செய்யக் கூடாது என்பதைச் சொல்கிறேன். வேலியைத் தானே பிடுங்கக் கூடாது. உரிமை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், தடையைத் தானே அகற்றும் அதிகாரம் உரிமையுள்ளவருக்கு இல்லை என்று 36-ஆவது பிரிவு சொல்கிறது. கடப்பாரையோடு போனவர்கள் சிவில் வழக்கில் வெல்ல வேண்டியதைக் கிரிமினல் வழக்கில் இழந்ததைக் கண்டிருக்கிறேன். இரண்டாவது, நாளைக் கடத்தக் கூடாது. பழக்கத்தால் வந்த உரிமையைக் கேட்பவர், வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடியும் 20 ஆண்டுக் காலத்தைக் காட்டவேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள் என்று மூன்று ஆண்டு காத்திருந்தால், 60 ஆண்டு நடந்த தடமும் கைவிட்டுப் போகும். அமைதி குலையும் நிலை இருந்தால் நிர்வாக நடுவரிடமும் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 147-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166-ஆவது பிரிவாக இருக்கிறது. அங்கேயும், ஆண்டு முழுக்கப் பயன்படும் தடமென்றால், தகவல் கொடுப்பதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அதில் நடந்திருக்க வேண்டும்.

சிவில் கோர்ட்டில் செய்யவேண்டிய முதல் வேலை வழக்கறிஞர் ஆணையரை அனுப்பக் கேட்பது. நில அளவரைக் கூட்டிக்கொண்டு ஆணையர் காட்டுக்கு வரும் நாள் ஊருக்கே திருவிழாபோல இருக்கும். இரண்டு தரப்பும் இளநீர் வெட்டி வைத்திருக்கும். நல்ல ஆணையர் இரண்டையும் தொடமாட்டார். அவர் பார்க்கவேண்டியது வேறு: சக்கரம் பதிந்த பள்ளம் எவ்வளவு ஆழம், அதன் ஓரத்தில் புல் எப்படி முளைத்திருக்கிறது, வேலியில் பழைய படல் இருந்த குழி இருக்கிறதா, பக்கத்து மரங்களில் வண்டியச்சு உரசிய வடு எந்த உயரத்தில் இருக்கிறது. நானே ஆணையராகப் போன ஒரு தடத்தில் முந்தைய இரவு ஐங்கலப்பை ஓட்டிச் சோளம் விதைத்திருந்தார்கள். சுற்றிலும் மண் இறுகிக் கிடக்க, பதினான்கடி அகலத்துக்கு மட்டும் புது மண் ஈரமாக இருந்தது. தடத்தை அழித்தவர்களே அதன் அகலத்தைக் காட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு நல்ல மழைக்குப் பிறகு போயிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

வழக்குரை எழுதும் இளைஞர்களுக்கு ஒன்று. “அது என் சொந்தத் தடம், இல்லாவிட்டால் பொதுத்தடம், அதுவும் இல்லாவிட்டால் எனக்குப் பாத்தியம்” என்று எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கலந்து எழுதுகிறீர்கள். தனக்குச் சொந்தமான நிலத்தில் ஒருவருக்கு வசதியுரிமை இருக்க முடியாது. வழக்குரையில் சொல்லாத வசதியுரிமையை நீதிமன்றம் தானாகத் தீர்ப்பில் தர முடியாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்தத் தடம், எவ்வளவு அகலம், எந்த வகை உரிமை, எப்போதிலிருந்து என்பதையெல்லாம் எழுதுங்கள். அதற்கு இரண்டாண்டுகள் முன், 2006-இல், நம் மாநிலத்திலிருந்து போன வழக்கொன்றில் அதே நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது. தேவையால் எழுந்த உரிமை வேறு வழி கிடைத்ததும் அழிந்துவிடும். எழுதிக் கொடுத்த உரிமை அப்படி அழியாது. பெரியவரின் கேள்வியினுடைய முழுப் பொருளும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

இதுவரை சொன்னவை இருக்கிற சட்டத்துக்குள் நின்று சொன்னவை. 1981-இல் தோற்ற அந்த மனிதருக்கு இந்தச் சட்டம் இன்றைக்கும் எதுவும் தராது. நிலங்கள் ஒன்றாக இருந்ததில்லை, எழுத்து இல்லை, கேட்டுக்கொண்டு போனார். ஆகவே வழி இல்லை. இது மற்ற இடங்களிலும் இப்படித்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கொண்டுவந்த 1804-ஆம் ஆண்டு உரிமையியல் தொகுப்பின் 682-ஆவது பிரிவு, பொதுவழிக்குப் போக இடமில்லாமல் நடுவில் மாட்டிக்கொண்ட நிலத்துக்காரர் அண்டை நிலத்தின் வழியாகப் பாதை கேட்கலாம் என்றும், அதனால் வரும் இழப்புக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்றும் சொன்னது. முன்பு ஒரே நிலமாக இருந்ததா என்ற கேள்வியே அதில் இல்லை. இலங்கையில் நடப்பிலுள்ள ரோமன் டச்சுச் சட்டமும் ஈடு கொடுத்து அவசிய வழி பெற இடந்தருகிறது. நெடுநாள் பழக்கத்துக்கு அங்கே 10 ஆண்டுகளே போதும். ராஜஸ்தான் குத்தகைச் சட்டத்தின் 251-அ பிரிவின்படி, விவசாயி ஒருவர் அடுத்தவர் நிலத்தின் வழியே புதிய பாதையே கேட்கலாம். உட்கோட்ட அதிகாரி விசாரித்து ஈடு நிர்ணயிப்பார். மகாராஷ்டிரத்தில் 1966-ஆம் ஆண்டு நில வருவாய்ச் சட்டத்தின் 143-ஆவது பிரிவு, சர்வே எண்களின் எல்லை வழியாகப் போகும் பாதைத் தகராறைத் தாசில்தாரே தீர்க்க அதிகாரம் தருகிறது. உழுகிறவர் தன் காட்டுக்குப் போய்வரத் தேவையான அளவைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு சட்டம் வேண்டும். வரப்போரமாக, குறைந்த சேதம் வரும் பக்கமாக, சந்தை மதிப்பில் ஈடு கொடுத்து, ஒரு வெள்ளாமைக் காலத்துக்குள் முடிவு தெரியும்படி. வெட்டிய கரும்பு எடை குறையாமல் காத்திருக்காது. வாழைத்தார் தடையாணைக்காகப் பழுக்காமல் இருக்காது. அனுமதியாகப் போனவரும் அங்கே கேட்கலாம் என்று இருந்தால், மரியாதையாக நடந்துகொண்டதற்காக ஒருவர் நிலத்தை இழக்கும் நிலை வராது. நிலத்துக்காரருக்கும் ஈடு கிடைக்கும். இன்று அவருக்குக் கிடைப்பது வழக்குச் செலவு மட்டும்.

வெள்ளாமை போகும் வழியைப் பற்றியே பேசிவிட்டேன். பிணம் போகும் வழியைப் பற்றிப் பேசாமல் விட்டால் என் பேச்சு நேர்மையற்றதாகிவிடும். 2019 ஆகஸ்டில், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றங்கரைக்குக் கொண்டுபோக வழியில் இருந்த தனியார் நிலத்தார் விடவில்லை. பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலைக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. பிறகு மயானத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்கு என் தொழிலின்மேலேயே வெறுப்பு வந்தது. பட்டா யார் பெயரில், 20 ஆண்டு ஆயிற்றா என்று கணக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்த நாங்கள், கயிற்றில் தொங்கிய அந்த உடலுக்கு என்ன சொல்ல முடியும்?

மயானப் பாதை தனி ஒருவரின் நிலத்தோடு சேர்ந்த உரிமையாக வராது. ஊரின் வழக்காறாகத்தான் வரும். அந்த வழக்காறையும் சட்டம் ஏற்கிறது. அதை நிரூபிக்கச் சாட்சி சொல்லவேண்டியவர்கள், வேலி போட்டவரிடம் நாளைக்குக் கூலிக்குப் போகவேண்டியவர்கள். அதனால்தான் மயானத்துக்கும் அதன் பாதைக்கும் அரசே நிலத்தை எடுத்துக்கொடுக்கவேண்டும் என்கிறேன். அதற்கென்றே பயன்படுத்தக்கூடிய 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஈரோட்டுக்காரர் ஒருவர் 1924-இல் வைக்கத்துக்குப் போய்ச் சிறைப்பட்டது கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக. நூறாண்டு கடந்தும் நடப்பதற்கான வழக்குகள் இங்கே முடியவில்லை.

வழிச் சிக்கல் மனைப்பிரிவுகளிலும் உண்டு; அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் அது பொதுச்சாலை. 2016-க்கு முன் அனுமதியில்லாமல் பிரித்து விற்ற இடங்களில்தான் சாலை இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலோ அவருடைய வாரிசு பெயரிலோ கிடக்கிறது. மனை வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றில் மனையை மட்டும் பார்க்கிறார்கள். வீட்டுக்கு முன்னாலுள்ள சாலையின் சர்வே எண்ணுக்கும் ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

இனி பெரியவரிடம் திரும்பி வருகிறேன். 1981 வழக்குக்குப் பிறகு அவர் எழுதிய பாகப்பிரிவினைகளில் ஒரு சொல் புதிதாகச் சேர்ந்தது. அதுவரை “போய்வர பாத்தியம் உண்டு” என்று எழுதிக்கொண்டிருந்தார். ஏன் மாற்றினார் என்று என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. 1983-இல் இரண்டு அண்ணன் தம்பிகளுக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய பத்திரத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. பத்திரத்தோடு வரைபடத்தையும் இணைத்து, தடத்துக்குச் சிவப்பு மசியில் கோடு போடச் சொன்னார். தடத்தைப் பற்றிய பகுதியை வாசித்துவிட்டு அமர்கிறேன்.

“முதல் பாகத்துப் பூமியில், கீழ்புற எல்லையை ஒட்டி, ஊராட்சி ரோட்டிலிருந்து தொடங்கி, தென்வடல் 412 அடி நீளத்துக்கும் கிழமேல் 16 அடி அகலத்துக்கும், இணைத்துள்ள வரைபடத்தில் சிவப்புக் கோட்டில் காட்டியபடி வண்டித்தடம் விடப்பட்டுள்ளது. இரண்டாம் பாகத்தாரும், அவருக்குப் பின் அந்தப் பூமியை எவ்வகையிலும் அடைகிறவர்களும், அவர்களுடைய வேலையாட்களும், ஆடுமாடுகளும், உழவுக்கு இப்போதுள்ளதும் இனி வரக்கூடியதுமான எந்த வண்டியும், இந்தத் தடத்தில் இரவும் பகலும், யாரையும் கேட்காமல், எக்காலத்திலும் போய்வரலாம்.”